யூஎஸ்பி கண்ட்ரோலருக்குப் பொருந்தும் டிரைவரைக் கண்டுபிடிப்பது எப்படி? விண்டோஸ் கணினிகளுக்கான முழுமையான வழிகாட்டி

விண்டோஸை மறுபடி நிறுவிய கணினியில் யூஎஸ்பி போர்ட்டுகளில் பாதி வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலானோர் உடனே செய்வது ஒன்றுதான். கணினியின் மாடல் பெயரோடு ‘யூஎஸ்பி டிரைவர்’ என்று சேர்த்துத் தேடுபொறியில் தட்டுகிறார்கள். முதலில் வரும் தளத்தில் பெரிதாகத் தெரியும் டவுன்லோடு பொத்தானை அழுத்துகிறார்கள். அங்கிருந்து இறங்குவது பல நேரம் டிரைவரே அல்ல. டிரைவர்களைத் தேடித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் மென்பொருளாக இருக்கும். சில நேரம் அதைவிட மோசமானதாகவும் இருக்கும். யூஎஸ்பி போர்ட்டுகளை இயக்கும் சிப்தான் கண்ட்ரோலர்; விண்டோஸ் அதனுடன் பேச உதவும் நிரல்தான் டிரைவர். கண்ட்ரோலர் டிரைவர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடும் நிரல். கணினியின் எந்த மூலைக்கும் அதனால் போக முடியும். முகம் தெரியாத இடத்திலிருந்து அப்படியொன்றை எடுத்துப் போடவே கூடாது.

மாடல் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மாடல் பெயரில் விற்ற இரண்டு கணினிகளுக்குள் வெவ்வேறு கண்ட்ரோலர் சிப் இருக்கலாம். சம்பந்தமே இல்லாத இரண்டு நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஒரே சிப் இருக்கலாம். டிரைவர் உறவாடுவது அந்தச் சிப்புடன்தான். ஒவ்வொரு சிப்புக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதை விண்டோஸே திரையில் காட்டுகிறது. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துவிட்டால் எந்தக் கணினியாக இருந்தாலும் சரியான டிரைவரை நீங்களே தேடி எடுத்துவிடலாம். பொருந்துமா பொருந்தாதா என்பதை நிறுவுவதற்கு முன்பே சொல்லிவிடவும் முடியும்.

முதலில்: டிரைவர் உண்மையிலேயே தேவைதானா?

யூஎஸ்பி கண்ட்ரோலர்களில் நீங்கள் சந்திக்கக் கூடியவை பெரும்பாலும் நான்கு வகை. 1996-இல் வந்த யூஎஸ்பி 1.0 காலத்தைச் சேர்ந்தவை யூஹெச்சிஐ, ஓஹெச்சிஐ என்ற இரண்டு. 2000-இல் வந்த யூஎஸ்பி 2.0-க்கு உரியது ஈஹெச்சிஐ; விநாடிக்கு 480 மெகாபிட் வேகம். 2008-இல் அறிவிக்கப்பட்ட யூஎஸ்பி 3.0-உடன் வந்தது எக்ஸ்ஹெச்சிஐ. விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் தொடங்கியது. முந்தைய மூன்றின் வேலையையும் எக்ஸ்ஹெச்சிஐ ஒன்றே செய்துவிடும். அதனால் புதிய மதர்போர்டுகளில் மற்ற மூன்றும் இருக்காது.

இவற்றில் எதற்கெல்லாம் விண்டோஸ் தன்னிடமே டிரைவர் வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. விண்டோஸ் எக்ஸ்பியில் யூஎஸ்பி 2.0 ஆதரவு முதல் சர்வீஸ் பேக்குடன் வந்தது. விண்டோஸ் 7-இல் யூஎஸ்பி 2.0 வரை எல்லாம் உள்ளேயே உண்டு, யூஎஸ்பி 3.0-க்கு எதுவும் கிடையாது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் எக்ஸ்ஹெச்சிஐ டிரைவரை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே உடன் தருகிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அப்படியே.

ஆகவே, விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் கணினியில் யூஎஸ்பி கண்ட்ரோலருக்கென்று தனி டிரைவர் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் கருவியான டிவைஸ் மேனேஜரில் (அதைத் திறக்கும் வழி அடுத்த பகுதியில்) கண்ட்ரோலரின் பெயரைப் பாருங்கள். ‘இன்டெல் யூஎஸ்பி 3.0 எக்ஸ்டென்சிபிள் ஹோஸ்ட் கண்ட்ரோலர் - 1.0’ என்று எழுதி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் மைக்ரோசாஃப்ட் என்று போட்டிருந்தால், உள்ளே இருக்கும் டிரைவர் வேலைக்கு வந்துவிட்டது என்று பொருள். சிப் இன்டெல்லுடையது, டிரைவர் மைக்ரோசாஃப்டுடையது. அதை மாற்ற வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பலரையும் குழப்புவது தேதி. அந்த டிரைவரின் விவரங்களைத் திறந்தால், தேதி பெரும்பாலும் 2006 ஜூன் 21 என்று காட்டும். புத்தம் புதிய விண்டோஸ் 11-இலும் அதே தேதியைப் பார்க்கலாம். ‘இவ்வளவு பழைய டிரைவரா?’ என்று பதறிப் போய்ப் புதியதைத் தேடக் கிளம்புகிறவர்கள் ஏராளம். விண்டோஸுடன் வரும் டிரைவர்களில் பெரும்பாலானவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே இந்த ஒரே தேதியை இடுகிறது. சிப் தயாரித்த நிறுவனம் தனியாக டிரைவர் கொடுத்தால், இரண்டும் சமமாகப் பொருந்தும் நிலையில், தேதி புதியதாக இருக்கும் அந்த டிரைவரே முந்திக்கொள்ளட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. உண்மையான புதுமையைத் தேதியில் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே இருக்கும் வெர்ஷன் எண்ணில் பாருங்கள். இன்டெல் இன்னும் ஒரு படி மேலே போய், மதர்போர்டின் முதன்மைச் சிப் தொகுதியான சிப்செட்டுக்குத் தான் தரும் மென்பொருளுக்கு 1968 ஜூலை 18 என்று தேதி இட்டிருக்கிறது. அது அந்த நிறுவனம் தொடங்கப்பட்ட நாள். கணினி நிறுவனம் தனியாகக் கொடுத்திருக்கும் டிரைவரைத் தன் கோப்புகள் ஓரங்கட்டிவிடக் கூடாது என்பதே காரணம்.

இரண்டாவது: எண்ணைப் படியுங்கள்

விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் இருக்கும். விண்டோஸ் 7-இல் ‘கம்ப்யூட்டர்’ மேல் ரைட் கிளிக் செய்து ‘மேனேஜ்’ வழியாகப் போகலாம். உள்ளே ‘யுனிவர்சல் சீரியல் பஸ் கண்ட்ரோலர்ஸ்’ என்ற பிரிவைத் திறந்து பாருங்கள். டிரைவர் இல்லாத கண்ட்ரோலர் பெரும்பாலும் அங்கே இருக்காது. ‘அதர் டிவைசஸ்’ என்ற பிரிவில் மஞ்சள் குறியுடன் உட்கார்ந்திருக்கும்.

அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, பிறகு ‘டீடெயில்ஸ்’ தாவல், அதில் ‘ப்ராப்பர்ட்டி’ என்ற கீழ்விரிப் பட்டியலில் ‘ஹார்டுவேர் ஐடி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான்கைந்து வரிகள் தெரியும். திரையில் ஆங்கில எழுத்துக்களில் இருக்கும் முதல் வரியைத் தமிழில் எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும்:

பிசிஐ\வென்_1912&டெவ்_0014&சப்சிஸ்_...&ரெவ்_03

‘வென்’ என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கங்கள் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தைக் காட்டுகின்றன. ‘டெவ்’ என்பதை அடுத்து வரும் நான்கும் அந்த நிறுவனத்தின் எந்தச் சிப் என்பதைக் காட்டுகின்றன. இந்த எட்டு இலக்கங்கள்தான் உங்கள் சாவி. ‘சப்சிஸ்’ பகுதி அந்தச் சிப்பைத் தன் போர்டில் வைத்த கணினி நிறுவனத்தைக் குறிக்கும். ‘ரெவ்’ சிப்பின் திருத்த எண். கடைசி இரண்டும் அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

அடிக்கடி எதிர்ப்படும் நிறுவன எண்கள் சில: 8086 என்றால் இன்டெல். 1022 ஏஎம்டி. 1106 வியா. 1912 ரெனெசாஸ். 1033 என்இசி. 1பி21 என்றால் ஏஎஸ்மீடியா. 1பி73 ஃபிரெஸ்கோ லாஜிக். 1பி6எஃப் ஈட்ரான். இவை பதினாறின் அடிமான எண்கள் என்பதால் இடையே ஆங்கில எழுத்துக்களும் வரும். எழுத்தைத் தவறவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். கையால் எழுதுவதைவிட, வரியின் மேல் ரைட் கிளிக் செய்து ‘காப்பி’ கொடுத்து நோட்பேடில் ஒட்டி வைப்பது நல்லது.

அதே பட்டியலில் ‘கம்பேட்டிபிள் ஐடிஸ்’ என்று இன்னொன்று உண்டு. அதில் ‘சிசி_0சி03’ என்பதை ஒட்டி வரும் இரண்டு இலக்கங்கள் கண்ட்ரோலரின் வகையைச் சொல்லிவிடும். 00 என்றால் யூஹெச்சிஐ, 10 என்றால் ஓஹெச்சிஐ, 20 ஈஹெச்சிஐ, 30 எக்ஸ்ஹெச்சிஐ, 40 என்றால் யூஎஸ்பி4. பெயரே தெரியாத மஞ்சள் குறிக்குப் பின்னால் இருப்பது 30-இல் முடிந்தால், அது யூஎஸ்பி 3.0 கண்ட்ரோலர் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஒரு முக்கியமான பிரிவினை: எண் வரி ‘பிசிஐ’ என்று தொடங்கினால்தான் அது கண்ட்ரோலர். ‘யூஎஸ்பி\விஐடி’ என்று தொடங்கினால், அது போர்ட்டில் செருகிய சாதனம். அதற்கு வேண்டியது அந்தச் சாதனத்தின் டிரைவர். கண்ட்ரோலர் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. உதாரணமாக 0403 என்றால் எஃப்டிடிஐ, 067பி என்றால் ப்ரொலிஃபிக். இரண்டுமே யூஎஸ்பியைச் சீரியல் போர்ட்டாக மாற்றும் கேபிள்களில் இருப்பவை. ப்ரொலிஃபிக்கின் பழைய பிஎல்2303 சிப்புள்ள கேபிளைப் புதிய விண்டோஸில் செருகினால், ‘2012 முதல் இது கைவிடப்பட்டது, விற்றவரை அணுகுங்கள்’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் ஒன்று டிவைஸ் மேனேஜரிலேயே தோன்றும். அதற்காகக் கணினியைப் பழுது பார்க்கக் கொடுப்பது அநியாயம்.

மூன்றாவது: விண்டோஸின் வெர்ஷனையும் பிட்டையும் உறுதிசெய்யுங்கள்

32 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவர் பொருந்தாது, மறுதலையாகவும் பொருந்தாது. ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘அபவுட்’ வழியாகப் போனால் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் இது இருக்கும். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. டிரைவர் தொகுப்புகளுக்குள் எக்ஸ்86 என்ற பெயரில் இருக்கும் ஃபோல்டர் 32 பிட்டுக்கு. எக்ஸ்64 அல்லது ஏஎம்டி64 என்ற பெயரில் இருப்பது 64 பிட்டுக்கு. ஏஎம்டி64 என்ற பெயரைப் பார்த்து, ‘நம்முடையது இன்டெல் ஆயிற்றே’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த 64 பிட் கட்டமைப்பை முதலில் வகுத்தது ஏஎம்டி என்பதால் வந்த பெயர் அது. இன்டெல் பிராசசருக்கும் அதே ஃபோல்டர்தான்.

நான்காவது: எங்கே தேடுவது?

மடிக்கணினி என்றால் முதலில் போக வேண்டிய இடம் அதைத் தயாரித்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கம். டெல் கணினியின் அடியில் சர்வீஸ் டேக் என்று ஏழு எழுத்துக்கள் கொண்ட குறி இருக்கும். லெனோவா, ஹெச்பி கணினிகளில் சீரியல் எண் இருக்கும். மாடல் பெயரைத் தட்டாமல் இந்தக் குறியைத் தட்டினால், அந்தக் கணினி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது உள்ளே என்ன இருந்ததோ அதற்கான பட்டியல் கிடைக்கும். டைப்-சி போர்ட்டோ தண்டர்போல்ட்டோ உள்ள மடிக்கணினிகளில் இந்த வழியை விட்டு விலகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே போர்ட்டின் வேலை கண்ட்ரோலர் டிரைவரோடு முடிவதில்லை; மின்சாரம் கொடுப்பதும் வாங்குவதும், திரைக்குப் படம் அனுப்புவதும் சிப்புக்குள் பதிந்திருக்கும் நிரலான ஃபர்ம்வேர், கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான பயாஸ் இரண்டையும் சார்ந்திருக்கின்றன. அந்த மூன்றையும் சேர்த்துச் சோதித்துப் பார்த்தவர்கள் அந்த நிறுவனத்தார் மட்டுமே.

உதிரி பாகங்களை வாங்கிப் பொருத்திய டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டு நிறுவனத்தின் பக்கம். போர்டின் மாடல் தெரியாவிட்டால் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து ‘பேஸ்போர்டு’ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். போர்டின் ரிவிஷன் எண்ணையும் கவனியுங்கள். ஒரே மாடலின் இரண்டு ரிவிஷன்களில் யூஎஸ்பி சிப் மாறியிருப்பது அரிதல்ல.

நிறுவனம் பக்கத்தையே எடுத்துவிட்டது, அல்லது நீங்கள் போட்டிருக்கும் விண்டோஸுக்கு அங்கே எதுவும் இல்லை என்றால், அடுத்தது சிப் நிறுவனம். இன்டெல்லும் ஏஎம்டியும் நேரடியாகவே தருகின்றன. ஏஎம்டி தன் யூஎஸ்பி டிரைவர்களைச் சிப்செட் தொகுப்புக்குள் சேர்த்துத் தருகிறது. ஏஎஸ்மீடியா சிப்புகளுக்கான டிரைவர்கள் பெரும்பாலும் மதர்போர்டு நிறுவனங்களின் பக்கங்களில்தான் கிடைக்கும். உங்கள் போர்டின் பக்கத்தில் இல்லாவிட்டால், அதே சிப் உள்ள வேறொரு போர்டின் பக்கத்திலிருந்து எடுக்கலாம். எட்டு இலக்கங்களும் ஒத்துப்போனால் போர்டு வேறாக இருந்தாலும் கவலையில்லை.

நான்காவது இடம்தான் பலருக்கும் தெரியாதது: மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற தளம். விண்டோஸ் அப்டேட் வழியாக விநியோகமாகும் டிரைவர்கள் அங்கே தேடும் வசதியுடன் இருக்கின்றன. தேடல் பெட்டியில் வென் முதல் டெவ் எண் வரை உள்ள பகுதியை அப்படியே ஒட்டுங்கள். வரும் பட்டியலில் உங்கள் விண்டோஸ் வெர்ஷனுக்கு நேராக உள்ளதை இறக்கிக்கொள்ளுங்கள். அது கேப் என்ற வகைக் கோப்பாக வரும். இரட்டைக் கிளிக் செய்தால் உள்ளே இருப்பவை தெரியும், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு ஃபோல்டருக்குள் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கும் முன்பாக விண்டோஸ் 11-இல் ‘விண்டோஸ் அப்டேட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ என்ற வழியிலும், விண்டோஸ் 10-இல் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே இருக்கும் ‘வியூ ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ வழியிலும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிடுங்கள். தேடியது அங்கேயே காத்திருக்கலாம்.

என்இசி சிப்பை எடுத்துக்கொள்வோம். யூஎஸ்பி 3.0 வந்த புதிதில் பல போர்டுகளிலும் விரிவாக்க அட்டைகளிலும் இருந்தது அதுதான். எண்: வென் 1033, டெவ் 0194. என்இசி பெயரில் தேடினால் டிரைவர் கிடைப்பது கடினம். ஏனென்றால், 2010-இல் என்இசியின் சிப் பிரிவு ரெனெசாஸுடன் இணைந்துவிட்டது. அதன் பிறகு டிரைவர்கள் எல்லாம் ரெனெசாஸ் பெயரில்தான் வந்தன. ரெனெசாஸிலும் இரண்டு வரிசைகள் உண்டு. 0194-க்கு உரியது 2.1 என்று தொடங்கும் வெர்ஷன். பின்னால் வந்த 1912 எண்ணுள்ள சிப்புகளுக்கு, அதாவது நான்கு போர்ட் கொண்ட 0014-க்கும் இரண்டு போர்ட் கொண்ட 0015-க்கும், உரியது 3.0 என்று தொடங்கும் வெர்ஷன். ‘3.0 புதியதுதானே’ என்று நினைத்து அதை 0194-க்குப் போட்டால் ஏறவே ஏறாது. பெயரும் ஒன்று, நிறுவனமும் ஒன்று, ஆனாலும் டிரைவர் வேறு. எண்ணைப் பார்த்தவர்கள் மட்டுமே இந்த இடத்தில் நேரத்தை மிச்சப்படுத்துவார்கள்.

ஐந்தாவது: நிறுவும் முன் ஐஎன்எஃப் கோப்பைத் திறந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். டிரைவர் தொகுப்பைப் பிரித்தால் உள்ளே மூன்று வகைக் கோப்புகள் அவசியம் இருக்கும். எஸ்ஒய்எஸ் என்று முடிவதுதான் டிரைவர் நிரல். கேட் என்று முடிவது அதன் டிஜிட்டல் கையொப்பம். ஐஎன்எஃப் என்று முடிவது, ‘இந்த நிரல் எந்தச் சிப்புக்கு, எந்த விண்டோஸுக்கு’ என்று விண்டோஸுக்குச் சொல்லும் சாதாரண எழுத்துக் கோப்பு. விண்டோஸ் பொருத்தம் பார்ப்பது இதை வைத்துத்தான். அதையே நாமும் பார்க்கலாம்.

ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து, கண்ட்ரோல் எஃப் அழுத்தி, டெவ் எண்ணின் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். அந்த எண் இல்லை என்றால் அந்த டிரைவர் உங்களுக்கு இல்லை, விஷயம் முடிந்தது. எண் இருந்தால், அந்த வரிக்கு மேலே சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் தலைப்பைப் பாருங்கள். அதில் ‘என்டிஏஎம்டி64.6.1’ போன்ற ஒரு குறி இருக்கும். என்டிஏஎம்டி64 என்றால் 64 பிட், என்டிஎக்ஸ்86 என்றால் 32 பிட். பின்னால் வரும் எண் விண்டோஸின் உள் வெர்ஷன்: 5.1 எக்ஸ்பி, 6.0 விஸ்டா, 6.1 விண்டோஸ் 7, 6.2 விண்டோஸ் 8, 6.3 விண்டோஸ் 8.1, 10.0 என்றால் விண்டோஸ் 10, 11 இரண்டும்.

இந்த எண் ‘இதிலிருந்து தொடங்கி’ என்ற பொருளைத் தரும். 6.1 என்று இருந்தால் விண்டோஸ் 7-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் ஏறும், விஸ்டாவில் ஏறாது. ஆனால் அதே கோப்பில் 6.2 என்று இன்னொரு தலைப்பும் இருந்தால், விண்டோஸ் 8-உம் அதற்குப் பிந்தையவையும் அந்தத் தலைப்பின் கீழ் உள்ளதை மட்டுமே பார்க்கும். சில நிறுவனங்கள் 6.2 தலைப்பை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருப்பார்கள். ‘விண்டோஸ் 8 முதல் எங்கள் டிரைவர் வேண்டாம், மைக்ரோசாஃப்டுடையதே போதும்’ என்பது அதன் பொருள். விண்டோஸ் 7-இல் நன்றாக வேலை செய்த டிரைவர் 10-இல் நிறுவ மறுப்பதற்கு இது ஒரு காரணம்.

ஐஎன்எஃப் கோப்பைத் திருத்தி எண்ணைச் சேர்த்துவிடலாம் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். கோப்பைத் தொட்டதும் கையொப்பம் செல்லாமல் போகும். பிறகு கையொப்பச் சோதனையையே முடக்க வேண்டி வரும். யூஎஸ்பி வழியாக வன்தட்டில் தரவுகளை எழுதும் ஒரு கணினியில் இதைச் செய்யாதீர்கள்.

ஆறாவது: நிறுவுதல்

முதலில், சிக்கல் வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரிஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு வேண்டிய சிஸ்டம் ப்ரொடெக்ஷன் பல கணினிகளில் அணைந்தே கிடக்கும். அதை முதலில் இயக்க வேண்டும். அடுத்தது, டெஸ்க்டாப்பில் கீபோர்டும் மவுஸும் யூஎஸ்பியில்தான் இருக்கின்றன என்றால், நிறுவும் நடுவில் இரண்டும் செயலிழக்கும் வாய்ப்பு உண்டு. மாற்றப் போகும் கண்ட்ரோலரைத் தவிர வேறொரு கண்ட்ரோலரின் போர்ட்டுக்கு அவற்றை மாற்றிவிடுங்கள்; பின்பக்கத்தில் பழைய வட்ட வடிவ பிஎஸ்/2 போர்ட் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. எந்தப் போர்ட் எந்தக் கண்ட்ரோலரைச் சேர்ந்தது என்று தெரிய, டிவைஸ் மேனேஜரின் ‘வியூ’ பட்டியலில் ‘டிவைசஸ் பை கனெக்ஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோலர், அதன் கீழ் அதன் போர்ட்டுகளின் தொகுப்பான ரூட் ஹப், அதன் கீழ் உங்கள் கீபோர்டு என்று கிளை கிளையாகத் தெரியும்.

தொகுப்புடன் வரும் செட்டப் கோப்பை ஓட்டுவது எளிய வழி. அது இல்லாவிட்டால், மஞ்சள் குறியின் மேல் ரைட் கிளிக் செய்து ‘அப்டேட் டிரைவர்’, பிறகு ‘ப்ரவுஸ் மை கம்ப்யூட்டர்’ கொடுத்து, பிரித்து வைத்த ஃபோல்டரைக் காட்டுங்கள். உட்ஃபோல்டர்களையும் சேர்த்துத் தேடு என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். ‘ஹேவ் டிஸ்க்’ வழியாகப் பொருந்தாத டிரைவரை வற்புறுத்தி ஏற்றும் வசதியும் இருக்கிறது. கண்ட்ரோலர் விஷயத்தில் அதைப் பயன்படுத்தாதீர்கள். எண் பொருந்தினால் வற்புறுத்தலுக்கு அவசியமே வராது.

விண்டோஸ் 7-ஐ நிறுவும்போதே கீபோர்டு இயங்காவிட்டால்

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. இருந்தாலும் பழைய தொழில் இயந்திரங்களும் ஆய்வகக் கருவிகளும் அதை விட்டு நகர முடியாமல் நிற்கின்றன. அவற்றை நம்பித் தொழில் செய்பவர்களுக்காகவே இந்தப் பகுதி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம். இணையத்தில் இணைக்காமல் வைத்திருப்பது நல்லது.

2015-இல் வந்த இன்டெல் 100 வரிசைச் சிப்செட்டில் ஈஹெச்சிஐ கண்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள். எல்லாப் போர்ட்டும் எக்ஸ்ஹெச்சிஐதான். விண்டோஸ் 7 நிறுவல் வட்டில் எக்ஸ்ஹெச்சிஐ டிரைவர் கிடையாது. விளைவு, மொழியைத் தேர்ந்தெடுக்கும் முதல் திரையிலேயே கீபோர்டு, மவுஸ் இரண்டும் உறைந்துவிடும். பயாஸில் வேலை செய்த கீபோர்டு விண்டோஸ் நிறுவலில் மட்டும் ஏன் இயங்கவில்லை என்று திகைப்பதற்குக் காரணம் இதுவே. ஏஎம்டியின் ரைசன் கணினிகளிலும் இதே கதை.

தீர்வு, நிறுவல் வட்டுக்குள்ளேயே டிரைவரைச் சேர்ப்பது. ‘டிஸ்ம்’ என்ற விண்டோஸ் கருவியால் இதைச் செய்யலாம். நிறுவலைத் தொடக்கும் பூட்.விம் கோப்பின் இரண்டாவது பகுதியிலும், விண்டோஸையே கொண்டிருக்கும் இன்ஸ்டால்.விம் கோப்பில் நீங்கள் நிறுவப் போகும் பதிப்பிலும், இரண்டிலுமே சேர்க்க வேண்டும். முதலாவதில் மட்டும் சேர்த்தால் நிறுவல் முடியும். பிறகு விண்டோஸ் திறந்ததும் கீபோர்டு மறுபடி நின்றுபோகும். இதை எளிதாக்க இன்டெல்லும் கிகாபைட் போன்ற மதர்போர்டு நிறுவனங்களும் தனிக் கருவிகளே வெளியிட்டன. பிஎஸ்/2 கீபோர்டு வைத்து நிறுவலை முடித்துவிட்டு, டிரைவரை டிவிடியிலிருந்து போடுவது இன்னொரு வழி.

100 வரிசைக்கு முந்தைய போர்டுகளில் இவ்வளவு பாடில்லை. பயாஸில் எக்ஸ்ஹெச்சிஐ அமைப்பை ‘டிசேபிள்டு’ ஆக்கினால், போர்ட்டுகள் ஈஹெச்சிஐ பக்கம் போய்விடும். நிறுவி முடித்து, டிரைவர் போட்ட பிறகு மறுபடி இயக்கிக்கொள்ளலாம். கணினிக்குள் இன்னொரு கணினியை உருவகித்து ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸ் 7 ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அது காட்டும் யூஎஸ்பி 3.0 கண்ட்ரோலர் இன்டெல் 7 வரிசைச் சிப்பின் எண்ணான 8086, 1ஈ31 என்பதைத் தாங்கி வரும். எனவே அதற்கான இன்டெல் டிரைவரைப் போட்டால் போதும்.

பிழை எண்கள் சொல்வது என்ன?

மஞ்சள் குறியுள்ள சாதனத்தின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பெட்டியில் ‘கோட்’ என்று ஓர் எண் இருக்கும். 28 என்றால் டிரைவரே இல்லை. இதுவரை சொன்ன வழி முழுவதும் அதற்குத்தான். 10 என்றால் டிரைவர் இருக்கிறது, சாதனம் தொடங்கவில்லை; பயாஸை அப்டேட் செய்வதும் டிரைவரை முழுவதுமாக நீக்கி மறுபடி போடுவதும் பலன் தரும்.

52 என்றால் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. விண்டோஸ் 7-இல் இது வந்தால் டிரைவரைக் குறை சொல்வதற்கு முன், கேபி3033929 என்ற அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய வகைக் கையொப்பமான ஷா-2 என்பதை விண்டோஸ் 7-க்கு அடையாளம் காட்டியது அந்த அப்டேட்தான். பின்னர் கேபி4474419 அதை விரிவாக்கியது.

43 என்ற எண்ணும், அதோடு அடிக்கடி வரும் ‘டிவைஸ் டிஸ்க்ரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்ற வாசகமும் பெரும்பாலும் டிரைவர் பிரச்சினை அல்ல. செருகிய சாதனம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவே தவறிவிட்டது என்று பொருள். கேபிளை மாற்றுங்கள், வேறு போர்ட்டில் செருகுங்கள், இடையில் இருக்கும் ஹப்பைக் கழற்றுங்கள். கணினியை அணைத்து, மின்இணைப்பையும் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி இயக்குங்கள். முன்பக்க போர்ட்டுகள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், கேபினெட்டைத் திறந்து மதர்போர்டில் செருகியிருக்கும் 19 பின் இணைப்பைப் பாருங்கள். தடித்த கேபிள் இழுத்து அது தளர்ந்திருப்பதும், பின் வளைந்திருப்பதும் சகஜம்.

சிறிது நேரம் வேலை செய்துவிட்டுப் பிறகு காணாமல் போகும் சாதனம் என்றால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். ரூட் ஹப்பின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலில், சேமிப்புக்காக இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற கட்டத்தில் டிக்கை எடுங்கள். ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதையும் அணைத்துப் பாருங்கள்.

போட்ட பிறகு சரிபார்ப்பது

மஞ்சள் குறி மறைந்துவிட்டால் மட்டும் போதாது. யூஎஸ்பி 3.0 போர்ட் 2.0 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் குறி இருக்காது. வெளி எஸ்எஸ்டி ஒன்றைச் செருகி, பெரிய வீடியோ கோப்பொன்றை நகலெடுங்கள். விநாடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டாமல் நின்றால் 2.0 வேகத்தில்தான் ஓடுகிறது. 100-ஐத் தாண்டினால் 3.0 வேலை செய்கிறது. இந்தச் சோதனையைப் பென் டிரைவில் செய்து முடிவுக்கு வராதீர்கள். மலிவான பென் டிரைவின் எழுதும் வேகமே அவ்வளவுதான் இருக்கும். போர்ட் நீல நிறமா என்பதையும் நம்ப வேண்டாம். நிறம் நிறுவனத்தின் விருப்பம்.

எல்லாம் சரியாக ஓடுகிறது என்றானதும், அந்த டிரைவர்களை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். விண்டோஸ் 10, 11-இல் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘பிஎன்பியூடில் /எக்ஸ்போர்ட்-டிரைவர் * டி:\பேக்கப்’ என்பதை ஆங்கில எழுத்துக்களில் தட்டினால், விண்டோஸுடன் வராமல் நீங்கள் தனியாகப் போட்ட டிரைவர்கள் எல்லாம் அந்த ஃபோல்டருக்கு வந்துவிடும். ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்க வேண்டும். பிரதி எடுக்காமலே விண்டோஸ் கெட்டுப்போய்விட்டது, ஆனால் பழைய வன்தட்டு பிழைத்திருக்கிறது என்றாலும் வழி உண்டு. அந்தத் தட்டை வேறு கணினியில் இணைத்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெப்பாசிட்டரி என்ற ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள். புதிதாக விண்டோஸ் போட்ட பிறகு ‘அப்டேட் டிரைவர்’ கேட்கும்போது அந்த ஃபோல்டரைக் காட்டினால், பொருந்தும் ஐஎன்எஃப் கோப்பை விண்டோஸ் தானே தேடி எடுத்துக்கொள்ளும். பிட்டும் வெர்ஷனும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.